கை தவறினால் யார் கணக்கு?

லேப்டாப்புக்கு விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுக்கலாமா, வேண்டாமா? பூச்சந்தை ஊரான தோவாளையிலிருந்து ஒரு கணக்கு.

ஜூன், ஜூலை வந்தால் நாகர்கோவில் லேப்டாப் கடைகளில் கூட்டம் ஏறும். தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அம்மாவும் மகளும், அப்பாவும் மகனுமாக வந்து நிற்பார்கள். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். மாடல் பார்த்து, விலை பேசி, பையும் மவுஸும் சும்மா தருவீர்களா என்று கேட்டு, எல்லாம் முடிந்து பில் போடும் நேரத்தில் கடைப் பையன் மெல்ல ஆரம்பிப்பான்.

“அக்கா, மூணு வருசத்துக்கு ஏ.டி.பி. போட்டுரட்டா? ஆறாயிரம் ரூவாதான் வரும்.”

“அது என்னது தம்பி?”

“கீழ விழுந்தாலும் சரி, தண்ணி கொட்டுனாலும் சரி, கம்பெனிக்காரவ ஃப்ரீயா மாத்திக் குடுப்பாவ. பிள்ளை பஸ்ஸுலதான கொண்டு போவா?”

அம்மா மகளைப் பார்ப்பார், மகள் லேப்டாப்பைப் பார்ப்பாள். ஐம்பத்தைந்தாயிரம் போட்டாயிற்று, இன்னொரு ஆறாயிரத்துக்கு ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அதே ஆறாயிரத்தை வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்று யோசித்தால் ஒரு மாத மளிகைச் செலவாகத் தெரியும். பெரிய தொகைக்குப் பக்கத்தில் நிற்கும்போது சின்னத் தொகை இளைத்துப்போகும். கடைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

இணையத்தில் வாங்கினாலும் கதை இதுதான். பணம் கட்டும் பக்கத்தில் ‘முழுப் பாதுகாப்பு’ என்று ஒரு கட்டம் வரும். முன்பெல்லாம் சில தளங்களில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டே வைத்திருப்பார்கள். கவனிக்காதவர் பணம் கட்டிவிட்டுப் போவார். வாடிக்கையாளரைக் கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதை, தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி அறிவித்தது. ஆகவே நீங்கள் கேட்காமல் அது பில்லில் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்குவதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி

2025-இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலை கட்டும் ஊர் தோவாளை. பூ கட்டும் திண்ணைக்கு உள்ளே போனால் இன்று பல வீடுகளில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோதுதான் பல குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி முதன்முதலாகக் கைக்கு வந்தது. 2020 கொரோனாக் காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. வேலை பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பி, மாடி அறையிலிருந்து வேலை பார்க்கப் பழகினார்கள். 2025 மார்ச் 14-இல் தாக்கலான மாநில பட்ஜெட், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தது.

சும்மா கிடைத்த லேப்டாப்பாக இருந்தாலும் உடைந்தால் பழுது பார்ப்பது சும்மா இல்லை. அதனால் இந்தக் கேள்வி கடையில் காசு கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம்.

ஊர் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்றுதான் சன்னலோர மேசையில் வைத்ததைத் தட்டிவிடுகிறது, கீபோர்டு இடுக்கில் மண்ணை நிரப்புகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டம் இது. ஐப்பசியில் சாயங்காலம் இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்தான் மறந்துபோகும்.

பெயர் ஒன்று போலத் தெரியும், வேலை வேறு

கடையில் ‘வாரண்டி’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் நான்கு தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

முதலாவது, லேப்டாப்போடு வரும் கம்பெனி வாரண்டி. பெரும்பாலும் ஓராண்டு. தயாரிப்பில் குறை இருந்து தானாகக் கெட்டால் மட்டும் சரி செய்து தருவார்கள். கீழே போட்டீர்கள், டீயைக் கொட்டினீர்கள் என்றால் முதல் நாளே ஆனாலும் இது உதவாது.

இரண்டாவது, எக்ஸ்டென்டட் வாரண்டி. அதே உத்தரவாதத்தை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு நீட்டுவது. இதிலும் விழுந்து உடைந்ததற்கு இடமில்லை. “மூணு வருச வாரண்டி போட்டிருக்கோமே” என்று உடைந்த டிஸ்பிளேயோடு சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சண்டை போடுபவர்களில் பலர் கையில் இருப்பது இந்தக் காகிதம்தான்.

மூன்றாவது, கடைப் பையன் சொன்ன ஏ.டி.பி. விபத்துச் சேதப் பாதுகாப்பு. டெல், ஹெச்.பி., லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புக்குத் தாங்களே விற்கின்றன. ஆப்பிளில் இதற்கு ஆப்பிள்கேர் பிளஸ் என்று பெயர். கை தவறி விழுவது, திரவம் கொட்டுவது, மின்னழுத்தம் எகிறிக் கருகுவது ஆகியவை பொதுவாக இதில் அடங்கும். ஆண்டுக்கு ஒரு முறைதான் என்று சில நிறுவனங்கள் வரம்பு கட்டும். ஆப்பிளில் ஒவ்வொரு பழுதுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆக, பையன் சொன்ன ‘ஃப்ரீ’யை அப்படியே நம்ப வேண்டாம்.

நான்காவது, மூன்றாம் ஆள் விற்கும் திட்டம். கடையோ இணையதளமோ தன் பெயரில் விற்கும். சிலவற்றுக்குப் பின்னால் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கும். இந்த வகையில் சில திட்டங்கள், லேப்டாப்புக்கு வயதாக ஆகத் தேய்மானம் கழித்துத்தான் பணம் தரும். ஐம்பத்தைந்தாயிரம் என்று நினைத்துக்கொண்டு போனால் கையில் வருவது குறையும்.

எந்த வகையிலும் பொதுவாகக் கிடைக்காதவை சில உண்டு: திருட்டு, தொலைந்துபோவது, கீறல், வேண்டுமென்றே உடைத்தது, நாளடைவில் உழைத்து ஓய்ந்த பேட்டரி. திருட்டுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகக் கேட்டு, எழுத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

சர்வீஸ் மேசையில் தெரிவது

லேப்டாப் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். விபத்தாக வந்து சேர்பவற்றில் முதலிடத்தில் வைக்க வேண்டியது டிஸ்பிளே. விழுந்தால்தான் உடையும் என்றில்லை. கீபோர்டு மேல் பேனாவோ இயர்போனோ கிடப்பது தெரியாமல் மூடினால் போதும். கல்லூரி நேரத்து பஸ்ஸில் படிக்கட்டுவரை நெரிசல் இருக்கும்போது முதுகில் கிடக்கும் பையைக் கம்பியோடு சேர்த்து யாராவது அமுக்கினால் போதும். திறந்து பார்க்கும்போது ஒரு மூலையில் கறுப்பு பரவியிருக்கும், குறுக்கே வண்ணக் கோடுகள் ஓடும்.

அடுத்தது திரவம். வெறும் தண்ணீரைவிட டீ மோசம். சர்க்கரையும் பாலும் காய்ந்து பிசுக்காக நிற்கும். கீபோர்டு வழியாக இறங்கிய ஈரம் மதர்போர்டைத் தொடும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், நுண்ணிய செம்புத் தடங்களில் அரிப்பு தொடங்கிவிடும். துடைத்து, வெயிலில் வைத்து, மறுநாள் ஆன் செய்தால் வேலை செய்யும். தப்பித்தோம் என்று நினைப்பார்கள். சில வாரம் கழித்து சார்ஜ் ஏறாமல் நிற்கும். திறந்து பார்த்தால் சிப்பின் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பல லேப்டாப்களின் உள்ளே, ஈரம் பட்டால் சிவக்கும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். “தண்ணி படவே இல்லை” என்று சொன்னாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

திரவம் கொட்டினால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம். சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து உடனே அணையுங்கள். திறந்தபடியே கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் வெளியே வடியட்டும். அரிசிப் பானைக்குள் வைப்பது, தலைமுடி உலர்த்தியால் சூடாக்குவது இரண்டும் வேண்டாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்யவே வேண்டாம். திட்டம் எடுத்திருந்தால் நீங்களோ பக்கத்துக் கடைக்காரரோ திருகைக் கழற்றவும் கூடாது. வெளியாள் கை வைத்த பெட்டி என்பதே மறுப்பதற்குப் போதுமான காரணமாகிவிடும்.

மூன்றாவதுதான் வம்பு: ஹின்ஜ். நடுத்தர விலை லேப்டாப் பலவற்றில் மூடியைத் தாங்கும் ஹின்ஜின் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குழிகளில்தான் இறங்குகின்றன. மூடியை எப்போதும் ஒரு மூலையைப் பிடித்தே திறந்தால் அந்தப் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, ஒரு நாள் ‘டக்’கென்று பெயர்ந்துவிடும். வாரண்டிக்காரர் “இது வெளிச் சேதம், எங்களிடம் வராது” என்பார். விபத்துத் திட்டக்காரர் “எப்போது விழுந்தது? தேதி சொல்லுங்கள். விழவில்லையா? அப்படியானால் இது தேய்மானம்” என்பார். இரண்டு காகிதம் கையில் இருந்தும் நம் நிலைமை திரிசங்கு சொர்க்கம்தான். ஆகையால் வாங்கும் முன்பே கேளுங்கள்: ஹின்ஜ் உடைந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இன்னொரு மாற்றமும் கணக்கைப் புரட்டிப் போட்டிருக்கிறது. பழைய கனத்த லேப்டாப்பில் ரேம் போனால் ரேமை மட்டும் மாற்றலாம், கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் கழற்றலாம். இப்போதைய ஒல்லி மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்தே வருகிறது. கீபோர்டு மேல் மூடியோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கிறது. சின்னப் பழுதென்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. லேப்டாப் எவ்வளவு ஒல்லியோ, விபத்துத் திட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு கூடுகிறது.

நூறு பேர் கணக்கு

அமெரிக்காவில் வாரண்டித் திட்டங்கள் விற்ற ஸ்கொயர்டிரேட் நிறுவனம் 2009-இல் 30,000 லேப்டாப்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் தானாகக் கெட்டவை 20.4 சதவீதம். விபத்தில் அடிபட்டவை 10.6 சதவீதம். திட்டம் விற்கும் நிறுவனமே சொன்ன எண் என்பதால் ஆபத்தைக் குறைத்துக் காட்டியிருக்க வாய்ப்பில்லை.

இதை வைத்து நம் ஊர் கணக்கு ஒன்று போடுவோம். நூறு பேர் ஆளுக்கு 6,000 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சம். மூன்று ஆண்டில் 11 பேருக்கு விபத்து. ஒரு பழுதுக்குச் சராசரி 15,000 ரூபாய் என்றால் திரும்பி வருவது 1,65,000 ரூபாய். நம் பஸ் நெரிசலுக்கும் மழைக்கும் விபத்து இரு மடங்காகி 22 பேர் என்று வைத்தாலும் 3,30,000 தான். கட்டிய பணமும் வந்த பணமும் சமமாக வேண்டுமென்றால் நூற்றில் 40 பேர் லேப்டாப்பை உடைக்க வேண்டும்! பழுதுச் செலவு 25,000 என்று ஏற்றிப் பார்த்தாலும் 24 பேர். நீங்கள் கட்டும் ஆறாயிரத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாகவே சுமார் 915 ரூபாய் போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சின்னச் சின்ன நஷ்டத்துக்கெல்லாம் பாதுகாப்பு வாங்குவது மனித சுபாவம்தான். அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் வீட்டு இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர் சுமார் 50,000 பேரின் பதிவுகளைப் பொருளியலாளர் ஜஸ்டின் சிட்னர் ஆராய்ந்து 2010-இல் எழுதினார். சேதம் வந்தால் தம் கையிலிருந்து போட வேண்டிய தொகையை 1,000 டாலரிலிருந்து 500-ஆகக் குறைப்பதற்காக, பலர் ஆண்டுக்குச் சுமார் 100 டாலர் கூடுதலாகக் கட்டிவந்தார்கள். அவர்களில் கிளெய்ம் கேட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதாவது 25 டாலர்கூடப் பெறாத பாதுகாப்புக்கு 100 டாலர்.

இதோடு நிறுத்தினால் ‘வேண்டாம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஆராய்ச்சி சொந்த வீடு வைத்திருந்த அமெரிக்கர்களைப் பற்றியது. 500 டாலர் போனாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். தோவாளையில் பூ கட்டிக் கூலி வாங்கும் வீட்டில் 15,000 ரூபாய் சின்னத் தொகையா?

பூவுக்கு இல்லை, வண்டிக்கு உண்டு

இதற்கு விடை தோவாளைச் சந்தையிலேயே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். செண்பகராமன்புதூர், மாதவலாயம், ஆரல்வாய்மொழி தோட்டங்களிலிருந்து பிச்சியும் அரளியும் வரும். மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து மல்லிகை வரும். ஓசூர், பெங்களூரிலிருந்து ரோஜா வரும். கிரேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குப் போகும். ஓணத்துக்கு முந்தைய நாள்களில் ஏறிய விலை, ஓணம் முடிந்த மறுநாள் தரையில் கிடக்கும். மழை பெய்தால் நஷ்டம், வரத்து கூடினால் நஷ்டம், வண்டி தாமதித்தால் நஷ்டம்.

வியாபாரிகள் அன்றாடப் பூவுக்கு இன்ஷூரன்ஸ் தேடி அலைவதில்லை. இன்று போனது நாளை வரும், இந்த முகூர்த்தத்தில் விட்டதை அடுத்த முகூர்த்தத்தில் பிடிக்கலாம் என்பது தொழிலின் கணக்கு. அந்தப் பூவை ஏற்றிப்போகும் வண்டிக்குப் பாலிசி உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பவர்கள் சட்டத்துக்குப் பயந்து எடுப்பதில்லை. வண்டி போனால் நாளைக்கு வியாபாரமே இல்லை, அதனால் எடுக்கிறார்கள். தாங்கக்கூடிய நஷ்டத்தைத் தானே தாங்குவது, தொழிலையே நிறுத்திவிடும் நஷ்டத்தைப் பிறரோடு பகிர்வது. இன்ஷூரன்ஸ் படிப்பு முழுவதையும் சுருக்கினால் இதுதான் மிஞ்சும்.

ஆகவே உங்கள் வீட்டு லேப்டாப் பூவா, வண்டியா?

அரசு வேலையில் இருக்கும் அப்பா, பிள்ளை படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் வாங்கிக் கொடுத்த 40,000 ரூபாய் லேப்டாப், வீட்டு மேசையை விட்டு நகராதது, பூ. உடைந்தால் எரிச்சல் வரும், செலவு வரும், ஆனால் வீடு நிற்காது. கடன் வாங்கி, பன்னிரண்டு மாத ஈ.எம்.ஐ.யில் எடுத்து, அதில் வேலை செய்துதான் மாதம் நகர்கிறது என்றால் அது வண்டி. நான்காம் மாதம் மதர்போர்டு போனால் பழுதுச் செலவும் வரும், மிச்ச எட்டு மாதத் தவணையும் நிற்காது, வருமானம் மட்டும் நின்றுவிடும். நூறு பேர் கணக்கில் சராசரியாக நஷ்டமான திட்டம், இந்த ஒருவருக்கு நியாயமான செலவு. விந்தை என்னவென்றால், கடையில் யோசிக்காமல் இந்தத் திட்டத்தை எடுப்பவர் பெரும்பாலும் முதல் ஆள். ஆறாயிரத்துக்குத் தயங்கி விட்டுவிடுபவர் இரண்டாம் ஆள்.

ஒக்கி வந்தால் இது உதவாது

2017 நவம்பர் 30-ஐக் குமரி மாவட்டம் மறக்காது. ஒக்கிப் புயலில் மரங்களும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்து, ஊர் ஊராக நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் மழையில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து லேப்டாப் நனைந்தால் ஏ.டி.பி. கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். இயற்கைச் சீற்றத்தைப் பெரும்பாலான விபத்துத் திட்டங்கள் விலக்கியே எழுதுகின்றன.

அதற்கு வேறு கதவு இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் வரும். வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் பொதுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம்வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, தானாகவே பாதுகாப்பு சேர்ந்துவிடும். மின்னணுச் சாதனங்களும் அதில் அடக்கம். வாடகைக்குக் குடியிருப்பவர் தம் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். கை தவறி விழுந்ததற்கு இது பணம் தராது. லேப்டாப், டி.வி., ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் ஒரே மழையில் போகும் நஷ்டத்துக்கு இதுதான் உதவும். ஒரு லேப்டாப்புக்கு ஆறாயிரம் கட்டத் தயாராக இருப்பவர், அதற்கு முன் மொத்த வீட்டுக்கும் பாலிசி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வீட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப் கம்பெனி கொடுத்ததென்றால் நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். சேதமானால் யார் பொறுப்பு என்று மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை எந்தத் திட்டமும் திருப்பித் தராது: உள்ளே இருந்த கோப்புகள். புது மதர்போர்டு வரும், இறுதியாண்டு புராஜெக்ட் வராது. இணையத்திலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ வாரம் ஒரு பிரதி எடுத்து வைப்பது, ஆறாயிரம் ரூபாய்த் திட்டத்தைவிட முக்கியமான பாதுகாப்பு.

கிளெய்ம் மறுத்தால்?

திட்டம் வாங்கிய அன்று எல்லோரும் நல்லவர்கள். உடைந்த அன்றுதான் யார் எவர் என்று தெரியும். அன்றைக்கு உதவுபவை நான்கு: பில், திட்டத்தின் முழு விதிமுறை, விபத்து நடந்த உடனே எடுத்த ஃபோட்டோ, முதல் புகாரின் எண். என்ன நடந்தது என்பதை முதல் ஃபோனிலேயே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. “தானா நின்னுபோச்சு” என்று ஆரம்பித்து, ஸ்டிக்கர் சிவந்திருப்பதைப் பார்த்த பிறகு “லேசா தண்ணி பட்டுச்சு” என்று இறங்கினால், உண்மையான விபத்தும் பொய்யாகிவிடும்.

மறுத்தால் எங்கே போவது என்பது, நீங்கள் வாங்கியது எது என்பதைப் பொறுத்தது. பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்தால் முதலில் அந்தக் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதில் திருப்தியில்லை, அல்லது 30 நாளில் பதிலே இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய்வரை அவர் விசாரிப்பார். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளத்திலும் பதியலாம். தகவல் சொல்லத் தாமதமாயிற்று என்பதே காரணமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓம் பிரகாஷ் தொடர்ந்த லாரித் திருட்டு வழக்கில், தாமதத்துக்குத் தக்க காரணம் இருக்கும்போது உண்மையான கிளெய்மை அந்த ஒரே சாக்கில் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

தயாரிப்பு நிறுவனமே விற்ற ஏ.டி.பி. பெரும்பாலும் சேவை ஒப்பந்தம். அதற்கு ஆம்புட்ஸ்மேன் இல்லை, நுகர்வோர் ஆணையம் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி. ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• திட்டத்தைத் தருவது லேப்டாப் கம்பெனியா, கடையா, இன்ஷூரன்ஸ் நிறுவனமா?
• விபத்துப் பாதுகாப்பு இன்றே தொடங்குகிறதா, வாரண்டி முடிந்த பிறகா?
• எத்தனை முறை கேட்கலாம்? ஒவ்வொரு முறையும் நான் எவ்வளவு போட வேண்டும்?
• தேய்மானம் கழிப்பீர்களா? மொத்த வரம்பு என்ன?
• திரவம், ஹின்ஜ், மின்னழுத்தம் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா?
• பழுது எங்கே பார்க்கப்படும்? ஆள் தோவாளைக்கு வருவாரா, நாகர்கோவிலுக்கு நான் போக வேண்டுமா, திருநெல்வேலிக்கா, கூரியரில் வெளியூருக்கா?
• அதுவரை எத்தனை நாள் லேப்டாப் இல்லாமல் இருக்க வேண்டும்?

இவற்றுக்கு வாயால் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. “வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

தினமும் பஸ்ஸில் கொண்டுபோகும், ரேம் பற்றவைத்த ஒல்லி மாடல், அதை நம்பி வருமானமோ படிப்போ இருக்கிறது, உடைந்தால் மாற்றக் கையில் பணமில்லை. இத்தனையும் பொருந்தினால் தயாரிப்பு நிறுவனத்தின் ஏ.டி.பி.யை எடுத்துவிடுங்கள். மூன்றாம் ஆள் திட்டம் மலிவாக இருந்தாலும் இரண்டாம் இடம்தான். உதிரிப் பாகமும் சர்வீஸ் சென்டரும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வாங்க முடியாவிட்டால் முதல் ஆண்டுக்கு மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். தவணை ஓடும் காலம் அதுதானே.

வீட்டு மேசை லேப்டாப்புக்கும், நாற்பதாயிரத்துக்குள் வாங்கிய கனத்த மாடலுக்கும், நான்கைந்து ஆண்டு பழகிய பழைய பெட்டிக்கும் வேண்டாம். அந்த ஆறாயிரத்தை அப்படியே சேமிப்புக் கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். மாதம் 170 ரூபாய் என்று பிரித்துப் போட்டாலும் மூன்று ஆண்டில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். அஞ்சலக ஆர்.டி. இதற்குத் தோதுப்படாது, மூன்று ஆண்டு முடியும் முன் கணக்கை மூடி எடுக்க முடியாது, லேப்டாப் அதுவரை காத்திருந்து உடையாது. லேப்டாப் உடையாமல் மூன்று ஆண்டு போனால் பணம் உங்களுடையது. அடுத்த லேப்டாப்புக்கு முன்பணம் ஆயிற்று. கூடவே உள்ளே பஞ்சு வைத்த பை ஒன்றும், நல்ல மின்னழுத்தக் காப்புப் பலகை ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பில் போடும் இடத்தில் முடிவெடுக்கவே வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் லேப்டாப் வாங்கிய பிறகும் சில வாரங்கள்வரை இந்தத் திட்டத்தை வாங்க விடுகின்றன. கடைசித் தேதியை மட்டும் கேட்டு பில்லின் பின்னால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டு, உங்கள் மாடலுக்கு டிஸ்பிளே மாற்ற எவ்வளவு, மதர்போர்டு மாற்ற எவ்வளவு என்று இரண்டே விலை கேளுங்கள். பெரிய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கைமாற்று வாங்காமல், நகையை அடகு வைக்காமல், அதை இந்த மாதமே கொடுக்க முடியும் என்றால் திட்டம் வேண்டாம். முடியாதென்றால், கடைசித் தேதிக்குள் எடுத்துவிடுங்கள்.